காவலுக்குப் போன நாசகாரி

சகாகி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் 1915 முதல் 1932 வரை பதினேழு ஆண்டுகள் கடற்படைப் பட்டியலில் இருந்தது. எதிரிக் கப்பல் ஒன்றை மூழ்கடித்த பெருமை அதற்குக் கிடையாது. பாடநூல்கள் பெயர் சொல்லும் கடற்போர் எதிலும் அது நின்றதில்லை. அதன் வாழ்க்கையில் நடந்த பெரிய சம்பவம், 1917 ஜூன் 11 அன்று தன்னைவிடச் சிறிய நீர்மூழ்கி ஒன்றிடம் அடிபட்டுத் தளபதி உட்பட 59 பேரைப் பறிகொடுத்ததுதான். போர் வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட கப்பலுக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

ஆனால் ஜப்பானியக் கடற்படையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு யமாட்டோ போன்ற ராட்சதப் போர்க்கப்பல்களைவிட இந்தச் சின்னக் கப்பல் அதிகம் சொல்லித் தரும். வணிகக் கப்பலையும் படைக் கப்பலையும் நீர்மூழ்கியிடமிருந்து காப்பது எப்படி என்பதை அந்தக் கடற்படை முதன்முதலில், உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது சகாகியும் அதன் தோழிக் கப்பல்களும் மத்தியதரைக் கடலில் கழித்த இரண்டு ஆண்டுகளில். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பாடம் தேவைப்பட்டபோது அது யாருடைய நினைவிலும் இல்லை.

சொல்லும் கப்பலும்

ஆங்கிலேயர் டெஸ்ட்ராயர் என்று அழைத்த கப்பல் வகையை நம் பத்திரிகைகள் நெடுங்காலமாக நாசகாரி என்று எழுதிவந்திருக்கின்றன. ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் குச்சிக்குகான், அதாவது விரட்டியடிக்கும் கப்பல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டார்பிடோ ஏந்திய சிறு படகுகள் பெரிய போர்க்கப்பல்களை மிரட்டத் தொடங்கியபோது, அந்தப் படகுகளை விரட்ட உருவானது இந்த வகை. விரட்ட வந்தது சில ஆண்டுகளிலேயே தானும் டார்பிடோவைச் சுமந்துகொண்டு வேட்டைக்குக் கிளம்பிவிட்டது.

ஜப்பான் தன் முதல் நாசகாரிகளை லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த யாரோ, தார்னிக்ராஃப்ட் பட்டறைகளில் கட்டி வாங்கியது. 1904 பிப்ரவரி 8 இரவு, போர் அறிவிப்புக்கு முன்பே, பத்து ஜப்பானிய நாசகாரிகள் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல்கள் மேல் டார்பிடோக்களை ஏவின. செசாரெவிச், ரெட்விசான் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் பல்லாடா என்ற குரூசரும் சேதமடைந்தன. அடுத்த ஆண்டு சுஷிமா கடற்போரில் பகலில் பீரங்கிகள் முடிக்காமல் விட்டதை இரவில் நாசகாரிகளும் டார்பிடோப் படகுகளும் முடித்தன. நாசகாரி என்றால் இருட்டில் பாயும் கத்தி என்ற எண்ணம் ஜப்பானிய அதிகாரிகளின் மனத்தில் அப்போதே பதிந்துவிட்டது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

சகாகி பிறந்தது அவசரத்தில். 1914 ஆகஸ்ட் 23 அன்று ஜப்பான் ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது, நெடுந்தூரம் செல்லக்கூடிய புதிய நாசகாரிகள் அதனிடம் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. உடனே பத்துக் கப்பல்களுக்கு அவசர நிதி ஒதுக்கப்பட்டது. புதிதாக வரைபடம் போட நேரமில்லை. ஏற்கெனவே கட்டிப் பார்த்த சகுரா வகையின் வரைபடத்தைச் சற்றே திருத்தி, கடற்படைத் தளங்களுக்கும் தனியார் கப்பல்கட்டும் நிறுவனங்களுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தார்கள். புதிய டர்பைன்களைத் தவிர்த்து, எல்லாப் பட்டறைகளுக்கும் கைவந்த பழைய பிஸ்டன் நீராவி எந்திரத்தையே வைத்தார்கள். 1915 மார்ச், ஏப்ரலுக்குள் பத்தும் தயாராகிவிட்டன. சகாகியைக் கட்டியது சசேபோ கடற்படைத் தளம்.

இரண்டாம் தர நாசகாரிகளுக்கு மரங்களின் பெயர்களை வைப்பது அப்போதைய விதி. பத்தில் முதலாவதான காபா பிர்ச் மரம், மாட்சு பைன், காஏடே மேப்பிள், குசுனோக்கி கற்பூர மரம். சகாகி, ஷிண்டோ கோயில்களில் தெய்வத்துக்குக் கிளை ஒடித்துப் படைக்கிற பசுமை மாறா மரம். நம் ஊரில் ஒரு கப்பலுக்கு வில்வம் என்று பெயர் வைத்ததைப் போல என்று எடுத்துக்கொள்ளலாம்.

கப்பலின் எடை 665 டன். நீளம் எண்பது மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஏழு மீட்டர் சொச்சம். 9,500 குதிரைத் திறன், 30 நாட் வேகம். நிலக்கரியும் எண்ணெயும் கலந்து எரிக்கும் கொதிகலன்கள். 120 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, சிறிய பீரங்கிகள் நான்கு, டார்பிடோக் குழாய்கள் நான்கு. மாலுமிகள் சுமார் 90 பேர். நீருக்கடியில் இருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் கட்டும்போது அதில் கிடையாது. அந்த எதிரியை மனத்தில் வைத்து வரையப்பட்ட கப்பலே அல்ல அது.

எம்டன் விட்டுச் சென்ற பாடம்

முதல் உலகப் போரில் ஜப்பானிய நாசகாரி எதற்காக மத்தியதரைக் கடல் வரை போனது என்ற கேள்விக்கு, தமிழர்கள் நன்கு அறிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவது வசதி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தைச் சேர்ந்த கப்பல். தளத்தை ஜப்பான் முற்றுகையிட, தளத்தின் கப்பல் வங்காள விரிகுடாவில் உலவிக்கொண்டிருந்தது. ஆசாமி எமகாதகன் என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம்.

அந்த எம்டனின் முடிவில் ஜப்பானுக்கு ஒரு சிறு வேடம் உண்டு. 1914 நவம்பர் 9 அன்று, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளைச் சுமந்த முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தன. காவலுக்கு வந்தவற்றில் மிகப் பெரியது ஜப்பானின் இபுகி குரூசர். கோக்கோஸ் தீவில் எம்டன் இருப்பதாகச் செய்தி வந்ததும் இபுகியின் தளபதி காட்டோ கான்ஜி போருக்குப் போக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியக் குரூசரான சிட்னி போய் எம்டனை முடித்தது. இபுகி படைக் கப்பல்களோடு நின்றது.

கணக்குப் பார்த்தால் இபுகி செய்ததுதான் பெரிய காரியம்: பல்லாயிரம் வீரர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் கரை சேர்ந்தார்கள். ஆனால் பேர் சிட்னிக்குப் போயிற்று. காவலில் நிற்பவனுக்குக் கதை இல்லை என்ற இந்த மனக்குறையைச் சகாகியின் வரலாறு முழுவதிலும் காணலாம். காட்டோ கான்ஜி பிற்காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் தலைவரானார். பெரும் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டிய ஒப்பந்தங்களைக் கடுமையாக எதிர்த்த அணியின் முகமாக அறியப்பட்டார். அந்த ஒரு நாளின் ஏமாற்றத்தையும் இதையும் நேராக முடிச்சுப் போடுவது மிகையாகும். என்றாலும் காவலைவிடப் பாய்ச்சலை மேலாகக் கருதிய ஒரு தலைமுறைக்கு அவர் நல்ல மாதிரி.

ஒரு பேரம்

போரின் தொடக்கத்திலிருந்தே பிரிட்டன் ஐரோப்பியக் கடலுக்குக் கப்பல் அனுப்பும்படி ஜப்பானைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜப்பான் மறுத்துவந்தது. 1917 ஜனவரியில் பிரிட்டன் மறுபடி கேட்டபோது நிலைமை மாறியிருந்தது. ஜெர்மனி பிப்ரவரி 1 முதல் வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. எந்தக் கொடி பறந்தாலும், எச்சரிக்கை இல்லாமலே கப்பலைத் தாக்கலாம் என்பது அதன் பொருள். அந்த ஏப்ரலில் மட்டும் உலகெங்கும் எட்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலுக்கடியில் போயின. பிரிட்டனிடம் போதிய நாசகாரிகள் இல்லை.

பிரதமர் தெராவுச்சியின் அரசு இந்த முறை சம்மதித்தது, சும்மா அல்ல. சீனாவின் ஷாண்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளையும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஜெர்மனி வைத்திருந்த பசிபிக் தீவுகளையும் சமாதான மாநாட்டில் ஜப்பான் கேட்கும்போது பிரிட்டன் துணை நிற்க வேண்டும் என்பது விலை. பிப்ரவரி நடுவில் லண்டன் ரகசியமாக வாக்குக் கொடுத்தது. ஷாண்டோங் வாக்குறுதியின் விளைவை 1919 மே 4 அன்று பெய்ஜிங் தெருக்களில் மாணவர்களின் கோபமாக உலகம் பார்த்தது. சகாகியின் மாலுமிகள் சிந்திய ரத்தத்துக்கு இப்படி ஒரு கொள்முதல் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ரியர் அட்மிரல் சாட்டோ கோசோ தலைமையில் இரண்டாவது சிறப்பு அணி உருவானது. தலைமைக் கப்பல் அகாஷி என்ற பழைய குரூசர். அதனுடன் காபா வகை நாசகாரிகள் எட்டு: ஊமே, குசுனோக்கி, காஏடே, காட்சுரா, மாட்சு, சகாகி, சுகி, காஷிவா. மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலைக் கடந்தார்கள். அந்தக் கடலும் அப்போது அமைதியாக இல்லை. சரக்குக் கப்பல் வேடமிட்ட வோல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் சில வாரங்களுக்கு முன்புதான் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கண்ணிவெடிகளைத் தூவிவிட்டுப் போயிருந்தது. அவற்றில் மோதி இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கியிருந்தன. ஏடன், சூயஸ் வழியாக ஜப்பானிய அணி ஏப்ரல் 13 அன்று மால்டாவை அடைந்தது. 665 டன் கப்பலில், இருமருங்கும் அலை ஏறி இறங்கும் தளத்தில், பாதி உலகத்தைச் சுற்றி வந்த பயணம் அது.

டிரான்சில்வேனியா

வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே 4 அன்று சகாகியும் மாட்சுவும் மார்சேயிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த டிரான்சில்வேனியா என்ற படைக் கப்பலுக்குக் காவலாக இத்தாலியின் ஜெனோவா வளைகுடாவில் சென்றுகொண்டிருந்தன. 14,000 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பல் அது. அதில் சுமார் 3,000 வீரர்களும் செவிலியரும் இருந்தார்கள். காலையில் ஜெர்மன் நீர்மூழ்கி யூ-63 ஏவிய டார்பிடோ கப்பலைத் துளைத்தது.

நாசகாரிகள் இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. மாட்சு, சாய்ந்துகொண்டிருந்த கப்பலின் பக்கவாட்டில் போய் ஒட்டி நின்று ஆட்களை ஏற்றத் தொடங்கியது. சகாகி, நீர்மூழ்கி தலைதூக்க முடியாதபடி சுற்றிச்சுற்றி ஓடியது. இருபது நிமிடத்தில் இரண்டாவது டார்பிடோ வந்தது. இம்முறை குறி மாட்சு. கடைசி நொடியில் மாட்சு முழு வேகத்தில் பின்வாங்க, டார்பிடோ டிரான்சில்வேனியாவையே மறுபடி தாக்கியது. கப்பல் விரைவில் மூழ்கிவிட்டது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீதிப் பேரை நாசகாரிகளும் கரையிலிருந்து வந்த படகுகளும் கரை சேர்த்தன.

இந்த மீட்புப் பணியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூழ்கும் கப்பலின் அருகே அசையாமல் நிற்பதைவிட ஆபத்தான நிலை நீர்மூழ்கிப் போரில் கிடையாது. 1914 செப்டம்பரில் வட கடலில் பிரிட்டனின் மூன்று குரூசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியது அப்படித்தான்: அடிபட்ட தோழனுக்கு உதவ நின்றவை அடுத்த இலக்காயின. மாட்சுவால் நிற்க முடிந்ததற்குக் காரணம் சகாகி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டவனை எல்லாரும் பார்த்தார்கள். காவலில் சுற்றியவனின் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. பிரிட்டிஷ் அரசு இரு கப்பல்களின் ஆட்களுக்கும் பதக்கங்கள் தந்தது.

ஜூன் 11

சகாகியின் முறை ஐந்து வாரத்தில் வந்தது. ஜூன் 11 பகலில், ஒரு காவல் பணியை முடித்துவிட்டு மாட்சுவுடன் மால்டாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இடம் கிரீட்டுக்கும் கிரேக்கப் பெருநிலத்துக்கும் நடுவே, ஆன்டிகித்தெரா தீவையொட்டிய கடல். ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையின் யூ-27 அங்கே காத்திருந்தது. அது சுமார் 37 மீட்டர் நீளமுள்ள கரையோர வகை நீர்மூழ்கி. நீர்மேல் எடை 264 டன். டார்பிடோக் குழாய்கள் இரண்டே இரண்டு. தளபதி ராபர்ட் டொய்ஃப்ல் ஃபான் ஃபெர்ன்லாண்ட்.

டார்பிடோ சகாகியின் முன்பகுதியில் வெடித்தது. மேல்மேடையும் முகப்பும் சிதைந்தன. தளபதி உவேஹாரா தாய்ச்சி உட்பட 59 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கும் மேல். ஆனால் கொதிகலன், எந்திர அறைகளைக் கொண்ட பின்பாதி மிதந்தது. துணைக்கு வந்த பிரிட்டிஷ் கப்பல்களின் உதவியோடு அதைக் கிரீட்டின் சௌடா விரிகுடாவுக்கு இழுத்துப் போனார்கள். தலையில்லாத கப்பலைக் கிரேக்கத்தில் பழுதுபார்த்து மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள்.

ஒரு கப்பலைக் கைவிடாமல் இப்படி மெனக்கெட்டதில் மரியாதை உணர்வு மட்டும் காரணமில்லை. 1917இல் ஒவ்வொரு நாசகாரியும் பொன். அதே ஆண்டு பிரான்ஸ், காபா வகையிலேயே பன்னிரண்டு நாசகாரிகளை ஜப்பானில் கட்டி வாங்கியது. ஐரோப்பிய வல்லரசு ஒன்று ஆசியப் பட்டறைகளிடம் போர்க்கப்பல் வாங்கியது பலருக்கு வியப்பாக இருந்தது. பிரிட்டனும் தன்னிடம் இருந்த நாசகாரிகள் இரண்டை ஜப்பானிய மாலுமிகளிடம் ஒப்படைத்தது. அவை கன்ரான், செண்டான் என்று பெயர் மாற்றப்பட்டு ஜப்பானியக் கொடியுடன் ஓடின. கப்பல் அவர்களுடையது, கை இவர்களுடையது. ஜப்பானும் அகாஷிக்குப் பதிலாகப் பெரிய இசுமோவையும், மோமோ வகை நாசகாரிகள் நான்கையும் அனுப்பி அணியைப் பெருக்கியது.

சகாகியை அடித்த யூ-27 அடுத்த ஆண்டு மே மாதம் வேறு தளபதியின் கீழ் பிரிட்டனின் ஃபீனிக்ஸ் நாசகாரியை மூழ்கடித்தது. சிறிய படகு என்று அலட்சியம் செய்யக்கூடிய எதிரி அல்ல அது.

நாள் கணக்கு, ஆள் கணக்கு

மத்தியதரைக் கடலில் 1917 தொடக்கத்தில் கப்பல்களைக் காப்பதற்கு ஒழுங்கான முறை இல்லை. கப்பல்கள் தனித்தனியே குறிப்பிட்ட பாதைகளில் போகும். அந்தப் பாதைகளில் ரோந்துக் கப்பல்கள் சுற்றும். கடல் பெரிது, ரோந்து சிறிது. நீர்மூழ்கிக்கு வசதியான ஏற்பாடு. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, சுற்றிலும் நாசகாரிகளை வைத்து அனுப்பும் கான்வாய் முறை அந்த ஆண்டின் போக்கில்தான் படிப்படியாக வேர்பிடித்தது. இரை இருக்கும் இடத்துக்கு வேட்டைக்காரன் வந்தே தீர வேண்டும். அவனைத் தேடி அலைவதைவிட இரையின் பக்கத்தில் நிற்பது மேல் என்ற எளிய தர்க்கம் அதன் பின்னால் இருக்கிறது.

இதில் ஜப்பானியரின் தேர்ச்சி, மால்டாவில் இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் ஜார்ஜ் பல்லார்ட் உட்படப் பலரையும் கவர்ந்தது. ஜப்பானிய நாசகாரிகள் தங்கள் நேரத்தில் 72 விழுக்காட்டைக் கடலிலேயே கழித்தன. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு இந்தக் கணக்கு 60. பிரெஞ்சு, இத்தாலியக் கப்பல்களுக்குச் சுமார் 45. மாதத்தில் இருபது நாளுக்கு மேல் கடலில். ஒரு கப்பலைக் கொண்டுபோய் விட்டதும் கரி ஏற்றிக்கொண்டு அடுத்ததைக் கூட்டிவர வேண்டும். கரி ஏற்றுவது என்றால் மாலுமிகள் எல்லாரும் கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கருப்பாகிற வேலை. அது முடிந்து உடம்பு கழுவ நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

போர் முடியும்போது ஜப்பானிய அணி 348 காவல் பயணங்களில் 788 கப்பல்களுக்குத் துணை போயிருந்தது. அவற்றில் பயணம் செய்த படைவீரர்கள் சுமார் 7 லட்சம் பேர். மூழ்கும் கப்பல்களிலிருந்து அது மீட்டவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். 1918 வசந்தத்தில் ஜெர்மனி மேற்கு முனையில் பெருந்தாக்குதல் தொடங்கியபோது பாலஸ்தீனத்திலிருந்து அவசரமாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படைகளைக் கடல்கடத்தியதிலும் இந்தக் கப்பல்களுக்குப் பங்குண்டு. இந்த அணி மூழ்கடித்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க நீர்மூழ்கி ஒன்றும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேட்டைக்காரனின் கண்ணில் இது தோல்வி: இரண்டு ஆண்டுகள் அலைந்து ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. காவல்காரனின் கண்ணில் திருடனைப் பிடிப்பது வேலையே இல்லை. விடியும்போது வீடு பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொண்டுவந்ததும் விட்டுவந்ததும்

1919இல் அணி தாயகம் திரும்பியது. இறந்தவர்களுக்கு மால்டாவின் கல்காரா கடற்படைக் கல்லறையில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. 1921இல் பட்டத்து இளவரசராக ஐரோப்பா போன ஹிரோஹிட்டோ அங்கே அஞ்சலி செலுத்தினார். அதன்பின் ஜப்பானியப் பொதுநினைவிலிருந்து மால்டா மெல்ல மறைந்தது.

திரும்பி வந்தவர்களோடு ஒரு போர்ப் பரிசும் வந்தது: சரணடைந்த ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஏழு. ஜப்பானியப் பொறியாளர்கள் அவற்றை ஆணி ஆணியாகப் பிரித்துப் படித்தார்கள். கண்ணிவெடி பரப்பும் ஜப்பானிய நீர்மூழ்கி வகை ஒன்று யூ-125இன் வார்ப்பிலேயே உருவானது. ஜெர்மன் வடிவமைப்பாளர்களின் துணையோடு கட்டிய நெடுந்தூர நீர்மூழ்கிகள் பசிபிக்கையே குறுக்காகக் கடக்கக்கூடியவை. யாரை எதிர்த்து இரண்டு ஆண்டுகள் கண்விழித்தார்களோ அவர்களுடைய ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தொழிலாகவே கற்றுக்கொண்டார்கள். அந்த ஆயுதத்திடமிருந்து கப்பலைக் காக்கும் கலை மால்டாவிலேயே தங்கிவிட்டது.

இது ஏன் நடந்தது? முதல் காரணம், வெற்றியின் சுமை. சுஷிமாவில் ஒரே போரில் எதிரியின் கடற்படையே அழிந்தது. அடுத்த போரும் அப்படியே முடியும், இம்முறை எதிரி அமெரிக்கா, களம் பசிபிக் என்று கடற்படைக் கல்லூரி கற்பித்தது. அந்தத் திட்டத்தில் நீர்மூழ்கியும் நாசகாரியும் எதிரியின் பெரும் போர்க்கப்பல்களை வழியிலேயே அரித்துக் குறைக்கும் கருவிகள். இரண்டாவது காரணம், நிதி. வாஷிங்டன், லண்டன் ஒப்பந்தங்கள் கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தபோது, கிடைத்த ஒவ்வொரு டன்னும் தாக்கும் கப்பலுக்கே போனது. மூன்றாவது காரணம் மனம் சார்ந்தது. இபுகியில் காட்டோ உணர்ந்ததை அந்தத் தலைமுறையே உணர்ந்தது. படைக் கப்பலுக்குப் பக்கத்தில் ஓடியதற்காக யாரும் அட்மிரல் ஆகவில்லை.

விளைவு எண்களில் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்களுடன் போரில் இறங்கியது. எண்ணெய், ரப்பர், இரும்புத்தாது, அரிசி அனைத்தும் கடல்வழியே வரவேண்டிய தீவு நாடு அது. கரையோரக் காவலுக்கென்றே கட்டிய கப்பல்கள் அப்போது நான்கு. அவையும் வடக்கு மீன்பிடிக் கடல்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. கடல்வழிக் காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில், போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு. போரின் முடிவில் வணிகக் கடற்படையில் உருப்படியாக மிஞ்சியது சொற்பம். மூழ்கிய டன்னில் பாதிக்கும் மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கைவரிசை. அந்தத் தலைமையகத்தில் பணியாற்றிய கேப்டன் ஓயி அட்சுஷி, காவலைக் கடற்படை எப்படி இரண்டாந்தர வேலையாக நடத்தியது என்பதைப் போருக்குப் பின் விரிவாக எழுதினார்.

1917இல் கற்றதை நினைவில் வைத்திருந்தால் மட்டும் ஜப்பான் அந்தப் போரை வென்றிருக்காது. அமெரிக்கத் தொழில்வளத்துக்கு முன்னால் அது நடக்கிற காரியமில்லை. மேலும் 1917இன் எதிரியும் 1943இன் எதிரியும் ஒன்றல்ல. ரேடார் பொருத்திய, நீண்டநாள் கடலில் தங்கும் நீர்மூழ்கியை மால்டாவின் பழைய முறைகளால் மட்டும் தடுக்க முடியாது. ஆனால் கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை: கப்பலைச் சேர்த்து அனுப்புவதா தனியே விடுவதா, வேட்டைக்குப் போவதா பக்கத்தில் நிற்பதா? சகாகியின் மாலுமிகள் 1917இலேயே விடை கண்டிருந்த கேள்வி அது. ஆயிரக்கணக்கான வணிக மாலுமிகளின் உயிரை விலையாகக் கொடுத்து ஜப்பான் அதே விடையை மறுபடி கண்டுபிடித்தது.

மரங்களின் பெயர்கள்

சகாகி 1932 ஏப்ரல் 1 அன்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வகையைச் சேர்ந்த பத்துமே அந்த ஆண்டுகளில் ஓய்வுபெற்றன. மால்டாக் கல்லறையின் நினைவுத்தூணை 2017 மே மாதம், உவேஹாராவும் அவருடைய தோழர்களும் இறந்து நூறு ஆண்டுகள் நிறைய இரண்டு வாரம் இருக்கையில், பிரதமர் ஷின்சோ ஆபே நேரில் போய் வணங்கினார்.

கப்பல்களின் பெயர்களுக்கு அதற்கு முன்பே ஒரு மறுபிறப்பு நேர்ந்தது. 1943இல், பசிபிக் தீவான குவாடல்கனாலைச் சுற்றி நாசகாரிகளைக் கொத்தாக இழந்த ஜப்பான், எளிய வடிவத்தில், வேகமாகக் கட்டக்கூடிய, காவல் வேலைக்கு ஏற்ற நாசகாரிகளை வரைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் போலவே அவசரம். அதைப் போலவே மரங்களின் பெயர்கள். ஊமே, கிரி, சுகி, காஏடே, குசுனோக்கி, காபா எல்லாம் திரும்பி வந்தன. முதல் கப்பலுக்கு வைத்த பெயர் மாட்சு. டிரான்சில்வேனியாவின் பக்கத்தில் ஒட்டி நின்ற கப்பலின் பெயர். புதிய மாட்சு 1944 ஏப்ரல் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 4 அன்று, சிச்சிஜிமா தீவருகே தன் பொறுப்பில் இருந்த கான்வாய்க்காக அமெரிக்கக் கப்பல்களை எதிர்கொண்டு மூழ்கியது.